ஒரு பக்கத்தை மட்டும் குறிக்கும் ஒலிபெருக்கி மனு: கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

மூன்றாம்_மாடி எழுதியது:

என் படுக்கையறை ஜன்னலுக்கு இடப்பக்கம் ஒரு வழிபாட்டுத் தலம். வலப்பக்கம் இன்னொன்று, வேறு மதத்தினுடையது. இரண்டின் உச்சியிலும் கூம்பு ஒலிபெருக்கி. போன வாரம் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. "பொது அமைதியைக் குலைக்கும் ஒலிபெருக்கிகளை அகற்றக் கோரி" என்று தலைப்பில் பன்மை போட்டிருந்தார்கள். உள்ளே படித்தால் ஒரே ஒரு தலத்தின் பெயர்தான். கொண்டுவந்தவரிடம் "அப்போ இன்னொன்று?" என்று கேட்டேன். "அது நமக்குப் பழகின சத்தம் சார், அதைப் போய் யாராவது தொந்தரவுன்னு சொல்வாங்களா?" என்றார்.

கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நான்கு நாள் கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தேன். ஒரு பக்கத்துச் சத்தம் ஒவ்வொரு முறையும் சுமார் 3 நிமிடம், ஜன்னலருகே 80 டெசிபல் வரை போகிறது. மற்றது அவ்வளவு உரக்க இல்லை, 67 அளவில் நிற்கிறது. ஆனால் தொடங்கினால் மணிக்கணக்கில் ஓடும். எது எந்த மதம், மனுவில் இருப்பது எது என்று சொல்லப்போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

நேர்ப்பேச்சு எழுதியது:

எந்த மதம் எது என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். மூடிமறைத்து என்ன விவாதம்?

மூன்றாம்_மாடி எழுதியது:

சொன்ன நிமிடத்தில் இந்த இழை முடிந்துபோகும் என்பதால்தான் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் தனிமடலில் ஊகித்து எழுதிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் நேர் எதிரான ஊகம். இருவருக்கும் துளி சந்தேகமும் இல்லை.

மைக்செட்காரன் எழுதியது:

இருபது வருடத்துக்கு மேல் எல்லா மதத்துக்கும் எல்லாக் கட்சிக்கும் செட் கட்டியவன் நான். கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

கைப்பேசியின் மைக், பேச்சுக்காகச் செய்தது. இரண்டு சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். அதிகாரி முன்னால் நீட்ட உதவாது. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கும் அல்ல. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு மட்டும் சுமார் இரண்டு மடங்கு உரப்பாகத் தெரியும்.

இப்போது உங்கள் இரண்டு எண்களையும் பாருங்கள். 3 நிமிட 80 டெசிபலை ஒரு மணி நேரத்துக்குப் பரப்பிச் சராசரி எடுத்தால் 13 கழிந்து 67 வரும். மற்றது மணி முழுக்கவே 67. சராசரிக் கணக்கில் இரண்டும் சமம்! உச்ச அளவை மட்டும் பார்த்தால் முதலாவது மாட்டும். நாள் முழுக்க எத்தனை மணி நேரம் என்று பார்த்தால் இரண்டாவது மாட்டும். ஒலிமானியைக் கையில் எடுக்கும் முன்பே, எதை அளப்பது என்று பேசி முடிவெடுக்கிற இடத்திலேயே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கூட்டத்தில் யாராவது "உச்ச அளவுதான் சரி" என்றோ "சராசரிதான் அறிவியல்" என்றோ அடம்பிடித்தால், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புழு எழுதியது:

மைக்செட்காரர் சொன்னதோடு விதிகளையும் சேர்த்துப் பார்ப்போம். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் எடுத்துக்காட்டுக்கு வசதியானவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில், அதாவது இரவு 10 முதல் காலை 6 வரை, 45 டெசிபல் என்பது சூழல் தரம், அந்தப் பகுதியின் சத்தத்துக்கான பொது வரம்பு. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். வைத்தாலும், அந்த இடத்தின் எல்லையில் சூழல் தரத்தைவிட 10 டெசிபலுக்கு மேலோ 75-க்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அது. அப்படியானால் குடியிருப்பில் பகலில் 65-தான் உச்சம். மூன்றாம்_மாடி அளந்தது எல்லையில்கூட இல்லை, அதைத் தாண்டி ஜன்னலில். செயலி ஓரளவு சரியாகச் சொல்லியிருந்தால் அந்த விதிப்படி இரண்டுமே மீறல். ஒன்றை மட்டும் மனுவில் எழுதியவர் சட்டத்தின் பெயரைச் சொல்லி வேறு ஏதோ வேலை பார்க்கிறார்.

2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கும் இங்கே பொருந்தும். சென்னையில் ஒரு ஜெபக்கூடத்தின் மேளம், ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிக் குடியிருப்போர் நலச் சங்கம் போட்ட வழக்கு. மற்றவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கியும் வேண்டும் என்று விதிக்கவில்லை என்றது நீதிமன்றம். இந்த வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த இடத்தின் இரைச்சலில் வாகனச் சத்தமும் கலந்திருந்தது, ஜெபக்கூடம் மட்டும் காரணமல்ல என்பது அதே வழக்கில் பேசப்பட்டதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனையில் இரவுப்பணி எனக்கு. காலை எட்டரைக்கு வீடு. ஒன்பதரைக்குப் படுத்தால் மூன்றரை வரைதான் தூக்கம். காதில் பஞ்சுருண்டை, அதற்கு மேல் துண்டைச் சுற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் படுப்பேன். விசிறி இரைச்சல் மற்றதை விழுங்கும் என்று ஒரு நப்பாசை.

நீங்கள் எல்லாரும் "இரவு 10 முதல் காலை 6" என்கிறீர்கள். என்னுடைய இரவு பகலில் வருகிறது. அப்புறம் ஒன்று, என்னைக் கேட்டால் அந்த 3 நிமிடம் எவ்வளவோ மேல். அது எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரியும். புரண்டு படுத்து அது முடியக் காத்திருக்கலாம். எப்போது நிற்கும் என்றே தெரியாத இரண்டு மணி நேரம்தான் ஆளைக் கொல்கிறது. இது மானியில் வராது, தெரியும்.

கறார் எழுதியது:

அக்கா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் ஆளுக்கொரு கடிகாரம் வைத்துச் சட்டம் போட முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரை யாரும் ஒலிபெருக்கி போடக் கூடாது. கோயில், பள்ளிவாசல், சர்ச் எதுவானாலும் சரி. இதைவிடச் சமம் வேறு என்ன வேண்டும்?

விடியற்காலம் எழுதியது:

எழுத்தில் சமம்தான். ஆனால் அந்த 6 மணி யாரைத் தொடுகிறது? விடியலுக்கு முன் அழைப்பு விடும் மதத்தை அது தினமும் தொடும். சூரியனைப் பார்த்து நேரம் குறிப்பவர்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போக முடியாது. நள்ளிரவு வரை விழா எடுப்பவர்களை அது வருடத்தில் சில நாள்தான் தொடும். அந்தச் சில நாளுக்கும் நீங்கள் சொல்லும் இந்திய விதியிலேயே தளர்வு இருக்கிறது: பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் வரை இரவு 12 மணி வரைக்கும் மாநில அரசு அனுமதிக்கலாம். 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. விழாவுக்குக் கதவு திறக்கும், விடியலுக்குத் திறக்காது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கறார் எழுதியது:

பழமொழி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 15 நாளும் எல்லா மதத்தின் விழாவுக்கும்தான். தவிர, தடை அழைப்புக்கு அல்ல, ஆம்பிளிஃபயருக்கு. 2020 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான்: பாங்கு மதத்தின் பகுதி, ஒலிபெருக்கி மதத்தின் பகுதி அல்ல, வாயால் சொல்ல எந்தத் தடையும் இல்லை. மின்சாரம் வரும் முன்பும் மதங்கள் இருந்தன.

விடியற்காலம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மின்சாரம் இல்லாமலே 80 டெசிபல் எழுப்பும் பெரிய மணியை என்ன செய்வது? அதற்கு ஆம்பிளிஃபயரே தேவையில்லை. "ஒலிபெருக்கிக்கு மட்டும் தடை" என்று எழுதியவுடன், வெண்கலம் வைத்திருப்பவர் தப்பித்தார், குரல் மட்டும் வைத்திருப்பவர் மாட்டிக்கொண்டார். கருவியைப் பார்த்து எழுதும் விதிக்கும் ஒரு சாய்வு உண்டு.

ஜன்னலோரம் எழுதியது:

மணி விஷயத்தில் ஐரோப்பாவில் நடந்த சண்டைகளைப் பாருங்கள், தலை சுற்றும். ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 1983-இல் வழிபாட்டுக்கு அழைக்கும் மணியைத் தனியாக, சற்றுத் தாராளமாகப் பார்த்தது. 1992-இல், அதே கோபுரத்திலிருந்து மணி எத்தனை என்று அடித்துச் சொல்லும் ஓசை வெறும் கடிகாரம்தான், சாதாரண இரைச்சல் விதி அதற்கும் பொருந்தும் என்றது. மணி ஒன்று, அடிக்கும் காரணம் இரண்டு, விதியும் இரண்டு. சுவிட்சர்லாந்தில் 2017-இல் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது. வேடன்ஸ்வில் ஊரில் ஒரு தம்பதி தொடுத்த வழக்கில், இரவில் கால் மணிக்கொரு முறை அடிக்கும் மணியைத் தொடர அனுமதித்தது.

எனக்குப் பிடித்தது நெதர்லாந்தின் 1988 சட்டம். சமயச் சடங்குக்கான மணியையும் தொழுகைக்கான அழைப்பையும் ஒரே பிரிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுமதிக்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க என்று விதிக்கும் அதிகாரம் நகராட்சிக்கு. அது வெறும் எழுத்தில் நிற்கவில்லை. டில்பர்க்கில் அதிகாலையில் பலமாக மணி அடித்த கத்தோலிக்கப் பாதிரியார் மீது நகராட்சி நடவடிக்கை எடுத்தது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2012-இல் அங்கேயும் அவர் முறையீடு எடுபடவில்லை. அந்த நாட்டில் நூற்றாண்டுகளாகப் பழகின சத்தம் அது. மூன்றாம்_மாடியின் மனுக்காரருக்கு இதைச் சொல்லுங்கள்.

பழைய_காது எழுதியது:

பழகின சத்தம் என்பதை இவ்வளவு இளப்பமாகப் பேச வேண்டாம். நான் சிறுவயதில் கேட்ட மணியோசை ஒன்று இருக்கிறது. இன்று கேட்டாலும் அம்மா விளக்கை ஏற்றும் நேரம் என்று கை தானாகப் புத்தகத்தை மூடும். பிரான்ஸில் 2021 ஜனவரியில் கிராமப்புற ஒலிகளையும் மணங்களையும் மரபாகக் காக்கச் சட்டமே வந்ததே, சேவல் கூவுவதிலிருந்து மணியோசை வரை. மூளையும் பழகின ஒலிக்கு விழித்துக்கொள்ளாது, புது ஒலிக்குத்தான் துள்ளி எழும். அது மதவெறி இல்லை, உடம்பு.

மூன்றாம்_மாடி எழுதியது:

ஐயா, உடம்பு என்பது சரிதான். எனக்கும் ஒரு பக்கத்துச் சத்தத்துக்குத் தூக்கம் கலைவதில்லை, மறு பக்கத்துக்குக் கலைகிறது. எண்ணைப் பார்த்த பிறகுதான் கலையாத பக்கமும் விதியைத் தாண்டுவது தெரிந்தது. ஆனால் மரபு என்று எழுதிக்கொடுத்தால் முதலில் வந்தவருக்குத்தானே அது கிடைக்கும்? நேற்று வந்தவர் மரபுக்கு எங்கே போவார்?

கடவுளற்றவன் எழுதியது:

நான் மொட்டைமாடியில் கிட்டார் வாசித்தால் பத்து நிமிடத்தில் கதவைத் தட்டுகிறார்கள். கடவுள் பெயரைச் சொன்னால் மட்டும் எப்படித் தனிச் சலுகை? மதங்களுக்குள் சமம் பேசுகிறீர்கள். மதம் இல்லாதவன் கணக்கில் எங்கே இருக்கிறான்?

ஜன்னலோரம் எழுதியது:

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு ஊர் கண்ட பதிலைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராமக், 2004-இல். ஒரு காலத்தில் பெரும்பாலும் போலந்துக் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த ஊர். பள்ளிவாசல் அழைப்புக்கு அனுமதி கேட்டபோது பெரிய ரகளை. நகர்மன்றம் எழுதிய விதியில் தொழுகை அழைப்பு, சர்ச் மணி, சமயக் கூட்டத்தை அறிவிக்கும் மற்ற நியாயமான வழிகள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்தன. காலை 6 முதல் இரவு 10 வரை, 5 நிமிடத்துக்குள். அதை நீக்க வாக்கெடுப்பும் நடந்தது, விதி நிலைத்தது. அதில் இருப்பது அறிவிப்பு மட்டும். வழிபாடு முழுவதையும் தெருவுக்கு ஒலிபரப்பும் உரிமை இல்லை. கதவைத் தட்டி "வா" என்று சொல்வது வேறு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசுவது வேறு.

கடவுளற்றவன் எழுதியது:

என் கிட்டாருக்கு அந்த 5 நிமிடம் கிடைக்குமா என்று பார்க்கிறேன். முழுத் திருப்தி இல்லை, இருந்தாலும் அந்த வேறுபாடு பிடித்திருக்கிறது.

நேர்ப்பேச்சு எழுதியது:

இதெல்லாம் சிறுபான்மை மதங்களை ஒடுக்கக் கண்டுபிடித்த நாகரிகமான சொற்கள். டெசிபல் என்பார்கள், ஆனால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று முன்பே தெரியும்.

சட்டப்புழு எழுதியது:

பாதி உண்மை. ஆனால் சவூதி அரேபியாவே 2021 மே மாதத்தில் பள்ளிவாசல்களின் வெளி ஒலிபெருக்கியை அழைப்புக்கும், தொழுகை தொடங்கும் அறிவிப்புக்கும் மட்டும் என்று சுருக்கி, ஒலியைக் கருவியின் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொன்னது. இந்தோனேசியா 2022-இல் 100 டெசிபல் என்று உச்சம் வைத்தது. அங்கெல்லாம் பெரும்பான்மைதான் தன் சத்தத்தைத் தானே குறைத்தது. இலங்கையில் 2007-இல் ஒரு பள்ளிவாசல் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி தரக் கூடாது என்றது. உத்தரவு எல்லா மதத்துக்கும் பொதுவாக வந்தது. நைஜீரியாவின் லாகோஸ் 2016-இல் இரைச்சலுக்காக மூடியதில் 70 சர்ச்சும் 20 பள்ளிவாசலும் இருந்தன. அதனால் டெசிபல் என்றாலே ஒடுக்குமுறை என்று ஆகிவிடாது.

நீங்கள் சொல்லும் மற்ற பாதி, யார் புகார் கொடுக்கிறார், யார் அனுமதி தருகிறார் என்பதில் இருக்கிறது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சையா வழக்கில் பேசியது இதைத்தான். பூங்காவில் காரின் மேல் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கம் செய்த யெகோவா சாட்சி ஒருவருக்குக் காவல்துறைத் தலைவர் மறு அனுமதி தரவில்லை. எந்த அடிப்படையில் தரலாம், மறுக்கலாம் என்று அந்த விதியில் ஒன்றும் இல்லை. எல்லாம் அவர் விருப்பம். 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த விதி செல்லாது என்றார்கள். அடுத்த ஆண்டே கோவாக்ஸ் வழக்கில், தெருவில் காதைப் பிளக்கும் ஒலி வண்டிகளைத் தடுப்பது சரி என்றும் சொன்னார்கள். சத்தத்தைக் குறைக்கலாம், ஆனால் ஆளைப் பார்த்து அனுமதி தரக் கூடாது. மனுவில் ஒரு பெயர் மட்டும் இருந்தால், அதைப் படிக்கும் அதிகாரி ஒரு வாசலுக்குத்தான் போவார். விதி எவ்வளவு பொதுவாக எழுதியிருந்தாலும் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்புதான்.

மைக்செட்காரன் எழுதியது:

நீதிமன்றம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இப்போது ஏணியில் ஏறுங்கள். இந்தச் சண்டைகளில் பாதி, கூம்பின் திசையால் வருகிறது. கூம்பு டார்ச் லைட் மாதிரி. நேர் எதிரே நிற்பவனைத் தாக்கும், பக்கவாட்டில் குறையும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். முப்பது மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு 80 என்றால் அறுபது மீட்டரில் 74, நூற்று இருபதில் 68. தொலைவில் இருக்கும் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று ஒரே கூம்பை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரன் செத்தான். அதற்குப் பதில் குறைந்த சத்தத்தில் நாலு சின்னப் பெட்டியை, தேவையான இடத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கலாம்.

ஆம்பிளிஃபயரில் ஒரு லிமிட்டர் போட்டு, ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் பூட்டிவிடலாம். வால்யூம் குமிழைத் திருப்புவது எப்போதும் பெரியவர்கள் அல்ல, அன்றைக்கு ஆர்வமாக வந்த பையன். நான் பூட்டிய இடங்களில் நிர்வாகிகளுக்கே நிம்மதி.

மூன்றாம்_மாடி எழுதியது, மூன்று வாரம் கழித்து:

நடந்ததைச் சொல்கிறேன். மனுவை நானே திருப்பி எழுதினேன். தலைப்பில் இருந்த பன்மையை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளேயும் இரண்டு பெயர் போட்டேன். "அகற்றக் கோரி" என்பதை எடுத்துவிட்டேன். கேட்டது நான்குதான்: வெளிக் கூம்பு அழைப்புக்கு மட்டும், அதுவும் 5 நிமிடத்துக்குள். மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் பெட்டியில். லிமிட்டர். உச்ச அளவு, மொத்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்வது, அதுவும் இரு தரப்பு ஆளும் சேர்ந்து நின்று, ஒரே மானியில்.

பழைய மனுவுக்கு 40 கையெழுத்து. என்னுடையதற்கு 11. பழைய மனுக்காரர் போடவில்லை. "ரெண்டு பேரையும் எழுதிட்டீங்க, எங்க வீட்லயே சண்டை வரும்" என்றார். பேனாவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இரண்டு தலத்துக்கும் நேரில் போய்க் கொடுத்தேன். ஓரிடத்தில் "கமிட்டியில் வைக்கிறோம்" என்றார்கள், இன்னும் வைக்கவில்லை. இன்னோரிடத்துச் செயலாளர் மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தார். அவருடைய ஒலிபெருக்கியே அப்போது தொடங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். ஒரு நிமிடத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சாத்தியும் கேட்டது. கைப்பேசியை எடுத்துக் கீழே யாரிடமோ, "டேய், அந்த மேற்குக் கூம்பைத் திருப்புடா" என்றார். அன்று மாலை திருப்பிவிட்டார்கள். என் ஜன்னலில் இப்போது 69.

இரவுப்பணி எழுதியது:

11 பேரா? பன்னிரண்டாவதாக என்னையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்தக் குடியிருப்பில் இல்லை என்பது வேறு விஷயம்.

மைக்செட்காரன் எழுதியது:

நல்லது தம்பி. திருப்பின கூம்பு இப்போது யார் ஜன்னலைப் பார்க்கிறது?

மூன்றாம்_மாடி எழுதியது:

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.